153-இல் யார்? செடி விடும் வாசத்தை நொடிக்கு நொடி அளக்க

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குப் பயிற்சிக்கு வரப்போகும் பிள்ளைகள் விமானம் ஏறும் முன்பே எனக்கு எழுதிக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எந்த சென்சார் வாங்கட்டும்?" நானும் வருஷா வருஷம் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறேன்: "சென்சார் கிடக்கட்டும், நீ என்ன சோப்பு போடுகிறாய்?" கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். வந்து பத்து நாள் ஆனதும், வாசனை இல்லாத சோப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர்களே வந்து நிற்பார்கள்.

நான் காரைக்கால்காரி. இந்தத் தீவில் செடிகளிலிருந்து கிளம்பும் ஆவிகளை அளப்பது என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன். பெரிய படிப்பு வேண்டாம்; பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

எதை அளக்கிறோம்

கறிவேப்பிலையைக் கிள்ளினால் வாசம் வருகிறது. கிள்ளாமல் விட்டாலும் வருகிறது, நம் மூக்குக்கு எட்டாத அளவில். செடிகள் ஓயாமல் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும் இந்த ஆவியாகும் கரிமச் சேர்மங்களை ஆய்வகத்தில் விஓசி என்று சுருக்கிச் சொல்கிறோம். அளவெல்லாம் பிபிபி கணக்கில்தான். நூறு கோடி மூலக்கூறுக்கு ஒன்று இருந்தால் ஒரு பிபிபி.

எல்லாம் ஒரே மாதிரி வெளியேறுவதில்லை. ஐசோபிரீனைச் செடி சேர்த்து வைக்காது; வெளிச்சம் பட்டால் தயாரித்து அப்போதே விட்டுவிடும், இருட்டினால் நிறுத்திவிடும். யூக்கலிப்டஸும் எண்ணெய்ப்பனையும் இதைத் தாராளமாக விடுகிறவை. மோனோடெர்பீன் வேறு ரகம். கறிவேப்பிலை, எலுமிச்சை போன்றவை எண்ணெய்ச் சுரப்பிகளில் அதைச் சேமித்து வைத்திருக்கும். வெயில் ஏற ஏறக் கசியும். இரவிலும் கொஞ்சம் கசியும். மெத்தனால் வளரும் இளம் இலையின் செல்சுவரிலிருந்து வருவது, காலையில் இலைத்துளை திறந்ததும் ஒரு குதி குதிக்கும். இவை போக, காயம் பட்டால் வருவது: புல் வெட்டும்போது அடிக்கும் அந்தப் பச்சை வாசம்.

உடனுக்குடன் அளப்பது எதற்கு என்று கேட்டால் இந்தப் பச்சை வாசத்தைத்தான் காட்டுவேன். இலை நசுங்கிய ஓரிரு நிமிடத்தில் ஹெக்சினல் என்ற ஆல்டிஹைடு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்துவிடும். அதன் வால் பிடித்துக்கொண்டு ஆல்கஹாலும் அசிட்டேட்டும் வரும். ஆவிகளைப் பிடித்து வைக்கும் டெனாக்ஸ் பொடி நிரப்பிய குழாயில் அரை மணி நேரம் காற்றை இழுத்து, பிறகு ஆய்வகத்தில் சூடாக்கிப் பிரித்துப் பார்க்கும் பழைய முறையில் இந்த ஓட்டம் எல்லாம் ஒரே சராசரியாகக் கரைந்துபோகும். 1999-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் பிடிஆர் என்ற நேரலைக் கருவியை உருவாக்கிய லிண்டிங்கரோடு வேலை செய்த குழு, இலையை வெட்டிவிட்டு அடுத்தடுத்த நொடிகளில் என்னென்ன கிளம்புகிறது என்று வரிசையாகக் காட்டியது. இந்தத் துறைக்குப் பலரை இழுத்தது அந்த வகை வளைகோடுகள்தான், என்னையும் சேர்த்து.

முதல் படி: கேள்வியைச் சுருக்கு

"செடி என்ன விடுகிறது என்று பார்க்கப் போகிறேன்" என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். "இந்த ஜெரேனியக் கிளையிலிருந்து மோனோடெர்பீன் மதியம் எத்தனை மணிக்கு உச்சத்துக்குப் போகிறது?" என்று வந்தால் உட்காரச் சொல்வேன். ஒரு செடி, ஒரு சேர்மம், ஒரு நாள். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கருவி

கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது உலோக ஆக்சைடு சென்சார். நகம் அளவு சில்லு. உள்ளே சூடான ஒரு படலம், அதில் ஆவி பட்டால் மின்தடை மாறும். என்ன ஆவி என்று அதற்குத் தெரியாது. அது பரவாயில்லை. புதியவர்களைக் கவிழ்ப்பது வேறு இரண்டு விஷயம்.

ஒன்று ஈரப்பதம். இலையைப் பைக்குள் வைத்து மூடினால் இலை நீராவியை விடும், பைக்குள் ஈரம் ஏறும், சென்சார் துள்ளும். "செடி பேசுகிறது!" என்று படம் எடுத்து அனுப்புவார்கள். அனுப்பும் முன் அதே பையில் இலைக்குப் பதிலாக ஈரத்துணி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அதே துள்ளல் வந்தால் பேசியது தண்ணீர்.

இன்னொன்று, சென்சாரின் சொந்தப் புத்தி. சென்சிரியான் எஸ்ஜிபி40 போன்றவை வீட்டுக் காற்றின் தரம் பார்க்கச் செய்யப்பட்டவை. 1 முதல் 500 வரை ஒரு குறியீட்டு எண் தரும். அதில் 100 என்பது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. சராசரியை அதுவே கற்றுக்கொண்டு நகர்த்திக்கொள்ளும். செடி மூன்று நாளாக ஒரே சீராக வாசம் விட்டாலும் சென்சார் பழகிப்போய் நூறு என்றே காட்டும். வீட்டுக்கு நல்ல ஏற்பாடு, நமக்குச் சனியன். குறியீட்டு எண்ணை விட்டுவிட்டு, சென்சார் தரும் மூல எண்ணைப் பதிவு செய்யுங்கள்.

அடுத்த தட்டில் இருப்பது பிஐடி. புறஊதா விளக்கால் மூலக்கூறை அயனியாக்கி எண்ணுவது. வழக்கமான விளக்கு 10.6 எலக்ட்ரான் வோல்ட். அதைவிட அதிக ஆற்றல் கேட்கும் மெத்தனால் அதன் கண்ணில் படாது. மற்றவை எல்லாம் சேர்த்து ஒரே எண்ணாக வரும், அதுவும் எல்லாமே ஐசோபியூட்டிலீன் என்ற ஒரே வாயு என்று வைத்துக்கொண்ட கணக்கில். தோட்டத்தில் எந்த மூலை அதிகம் மணக்கிறது என்று நடந்து பார்க்க நல்லது, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பெரிய கருவி பிடிஆர். புரோட்டான் பரிமாற்றத்தில் இயங்கும் நிறை நிறமாலைமானி. ஒரு வீட்டின் விலை, இரண்டு ஆள் தூக்கும் எடை. ஆனால் வேலை செய்யும் விதம் எளிமையானது. நீராவியை அயனியாக்கி, ஒரு புரோட்டான் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு திரியும் நீர் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. எதிரே வரும் மூலக்கூறுக்குப் புரோட்டான்மேல் நீரைவிட ஆசை அதிகம் என்றால் அதைப் பறித்துக்கொள்ளும். நீரின் ஆசை ஒரு மோலுக்கு 691 கிலோஜூல், ஐசோபிரீனுக்கு 826. நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் நீரைவிடக் கீழே. அதனால் காற்றின் பெரும்பகுதி கருவிக்குத் தெரியவே தெரியாது. மிச்சமிருக்கும் வாசங்கள் மட்டும் எடை வாரியாக வரிசைகட்டி நிற்கும். சல்ஃபர் டை ஆக்சைடும் நீருக்குக் கீழேதான். இங்கே பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலை கக்கும்போது எங்களுக்குத் தொண்டை எரியும், கருவிக்கு ஒன்றும் தெரியாது.

திரையில் காணும் எண், மூலக்கூறின் எடையோடு ஒன்று கூட்டியது. மெத்தனால் 33, அசிட்டோன் 59, ஐசோபிரீன் 69, மோனோடெர்பீன் 137, கூடவே அது உடைந்து வரும் 81, செஸ்குயிடெர்பீன் 205. ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. கருவிக்கு எடை தெரியும், முகம் தெரியாது. பைனீன், லிமோனீன், மிர்சீன் எல்லாமே 137. பச்சை வாசத்தின் ஹெக்சினல் உடைந்தாலும் 81-தான். இங்கே மலைக்கிராமமான பெத்தித் பிரான்ஸில் ஜெரேனியம் காய்ச்சி எண்ணெய் எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெலார்கோனியம் வகைச் செடி அது. அதன் வாசத்துக்கு முக்கியமான ஜெரானியாலும் லினலூலும் கருவிக்குள் போனதும் ஒரு நீர் மூலக்கூறை உதிர்த்துவிட்டு 137-இல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஜெரேனியம் எக்கச்சக்கமாக மோனோடெர்பீன் விடுகிறது" என்று ஒரு பையன் முப்பது பக்கம் எழுதிவிட்டான். பாவம், பாதி அழித்தோம்.

ஆகவே என் சட்டம்: எவ்வளவு விலையுயர்ந்த நேரலைக் கருவி வைத்திருந்தாலும், நாளுக்கு இரண்டு டெனாக்ஸ் குழாயாவது பக்கத்தில் எடுத்து வையுங்கள். பிறகு சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ்ஸில் போட்டு முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: பை

பாதி வேலை இங்கேதான். கிளையை ஒரு பைக்குள் விட்டு, ஒரு பக்கம் சுத்தமான காற்றை ஊதி, மறுபக்கம் கருவிக்கு இழுக்கிறோம். கடையில் கோழி வறுக்க விற்கும் பாலியெஸ்டர் அடுப்புப் பை இருக்கிறதே, அது போதும்; உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். புதுப் பைக்குச் சொந்த வாசம் உண்டு என்பதால் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி ஆறவிடுங்கள். குழாய் டெஃப்ளானாக இருக்கட்டும். மீன் தொட்டிக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாயும் ரப்பர் குழாயும் தங்கள் வாசத்தைக் கொடுத்து, செடியின் வாசத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. உள்ளே தண்ணீர் துளிர்க்காமல் வெளியைவிடச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

உள்ளே விடும் காற்றை ஊக்கிய கரி வழியாக அனுப்புங்கள். வெளிக்காற்றின் வாசத்தோடு ஓசோனும் போய்விடும். ஓசோனை ஏன் விரட்ட வேண்டும்? கறிவேப்பிலையில் இருக்கும் காரியோஃபிலீன் 30 பிபிபி ஓசோனில் சுமார் இரண்டு நிமிடம்தான் தாங்கும். கருவிக்கு வந்து சேர்வதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். சிலிண்டரில் வரும் செயற்கைக் காற்று இன்னும் சுத்தம் என்று ஆசைப்படாதீர்கள். அதில் கார்பன் டை ஆக்சைடு இருக்காது. இலைக்குச் சோறு போடாமல் அதன் மூச்சை அளந்துகொண்டிருப்பீர்கள்.

வெயிலில் பை ஒரு கண்ணாடி வீடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் சேமிப்பிலிருந்து கசியும் மோனோடெர்பீன் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். அதனால் பைக்குள் வெப்பம் அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் கம்பியை இலையின் அடிப்பக்கம் தொட வைத்து, ஒளியையும் பதிவு செய்யுங்கள். வெப்பமும் ஒளியும் இல்லாத வாசக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை.

பையை எப்போது மாட்டுவது? முந்தின நாள் மாலையில். ஜெரேனிய இலை மேல் உள்ள நுண்மயிர்களின் நுனியில்தான் எண்ணெய் இருக்கிறது. கை பட்டாலே உடைந்து கொட்டும். பையை மாட்டிய கையோடு அளந்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் கைவரிசையைத்தான். ஒரு ராத்திரி விட்டால் செடி நம்மை மறக்கும்.

இன்னொன்று, இதைத் தனியாகச் சொல்கிறேன்: பைக்குள் ஊதும் காற்று, பையிலிருந்து இழுக்கும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். மிச்சம் தண்டைக் கட்டிய இடத்தில் வெளியே கசியட்டும். பை எப்போதும் லேசாக உப்பி நிற்க வேண்டும். ஏன் என்று 153 கதையில் வருகிறது.

நான்காம் படி: வெற்றுப் பை

செடி இல்லாமல் அதே பை, அதே குழாய், அதே ஓட்டம், ஒரு மணி நேரம். தினமும் காலையிலும் மாலையிலும். சலிப்பாக இருக்கும். செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

பை 5 லிட்டர், உள்ளே போகும் காற்று நிமிடத்துக்கு 1 லிட்டர் என்றால் காற்று பைக்குள் சராசரியாக 5 நிமிடம் தங்கும். எதை மாற்றினாலும் அதைப் போல மூன்று நான்கு மடங்கு, அதாவது 15 முதல் 20 நிமிடம் காத்திருந்தால்தான் புது நிலை வந்து நிற்கும். நொடிக்கு நொடி எண் வருகிறதே என்று நொடிக்கு நொடி நம்பக் கூடாது. கருவி வேகமானது, பை மெதுவானது.

இப்போது செடிப் பையில் 137 காட்டுவது 8 பிபிபி, வெற்றுப் பையில் 2 பிபிபி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 6. கடல் மட்டத்தில் 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.5 லிட்டர். நிமிடத்துக்குப் போகும் 1 லிட்டரில் நூறு கோடியில் 6 பங்கை 24.5-ஆல் வகுத்து, மோனோடெர்பீனின் மோல் எடை 136-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 33 நானோகிராம் வரும். ஒரு மணிக்கு 2 மைக்ரோகிராம். வேலை முடிந்த பிறகு கிளையை வெட்டி, 60 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி எடை போடுங்கள். 2 கிராம் இருந்தால், ஒரு கிராம் உலர் இலைக்கு மணிக்கு 1 மைக்ரோகிராம். இப்படிச் சொன்னால்தான் உங்கள் எண்ணை இன்னொருவர் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியும். வெறும் பிபிபி என்று சொன்னால், ஓட்டத்தைப் பாதியாக்கினாலே இருமடங்காகிவிடும் எண் அது.

பிபிபியே சரியா என்பது வேறு கேள்வி. அதற்கு அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர் வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது.

153 கதை

இனி என் சொந்த அவமானம். சாந்-ஆந்த்ரே என்ற ஊரில் ஒரு பாட்டி வீட்டு முற்றத்தில் பெரிய கறிவேப்பிலை மரம். இங்கே கிரியோல் மொழியில் அதை கலுப்பிலே என்கிறார்கள். கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த நம் சொல்தான், கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பசுமையாக்க நோயைப் பரப்பும் சாறுறிஞ்சிப் பூச்சிக்குக் கறிவேப்பிலை பிடித்தமான வீடு. நோய் பிடித்த எலுமிச்சைக் குடும்பச் செடிகள் மெத்தில் சாலிசிலேட் என்ற ஆவியைக் கூடுதலாக விடுகின்றன, அது பூச்சியை இழுக்கிறது என்று முன்பே கண்டிருந்தார்கள். அதன் எண் 153. பூச்சி ஏறிய கறிவேப்பிலைக் கிளையில் 153 எழுகிறதா என்பது என் கேள்வி. சின்னக் கேள்விதான், சரியான கேள்விதான்.

முதல் நாளே எழுந்தது. காலை எட்டு மணிக்கு ஏறி, பத்து மணிக்கு இறங்கி, பத்தரைக்கு மறுபடி ஏறியது. இரண்டாம் நாளும் அப்படியே. செடிக்குள் ஏதோ தாளம் இருக்கிறது என்று நான் தலைகால் புரியாமல் குதித்தேன். மூன்றாம் நாள் பாட்டி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஏம்மா, முதுகு வலியா உனக்கு?"

"எப்படிப் பாட்டி தெரியும்?"

"நீ வந்தால் வாசல் எல்லாம் தைலம் மணக்குதே."

கருவியை வண்டியிலிருந்து இறக்கியதில் பிடித்த முதுகு. தினமும் காலையில் தைலம் தடவிக்கொண்டுதான் வந்தேன். அந்தத் தைலத்தில் பெரும்பங்கு எது தெரியுமா? மெத்தில் சாலிசிலேட். பத்து மணிக்கு நான் தெருமுனைக்குத் தேநீர் குடிக்கப் போவேன், செடி 'அமைதியாகும்'. பத்தரைக்குத் திரும்புவேன், செடி மறுபடி 'அலறும்'.

கரி வடிகட்டி இருந்தும் தைலம் எப்படிப் பைக்குள் போனது? பம்பு நிமிடத்துக்கு 1.2 லிட்டர் இழுத்துக்கொண்டிருந்தது, நான் ஊதியது 1.0. மீதி 0.2 லிட்டர் தண்டைக் கட்டிய இடுக்கு வழியாக முற்றத்துக் காற்றாக உள்ளே போனது. பை உப்பி நிற்கவில்லை, லேசாகச் சப்பியிருந்தது. அதை மூன்று நாளும் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தைலத்தை நிறுத்தி, ஓட்டத்தைச் சரிசெய்து, மறுபடி ஆரம்பித்தேன். வெளிக்காற்றையும் தனியாக அளப்போம் என்று ஒரு குழாயை முற்றத்தில் நீட்டி வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் குழாயில் 153 பளிச்சென்று எழுந்தது. என் கையில் தைலம் இல்லை. பாட்டி விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாள். கற்பூரத்தின் மூலக்கூறு எடை 152, ஒன்று கூட்டினால் 153!

அதோடும் முடியவில்லை. தீவின் இந்தக் கிழக்குப் பக்கம் வெனிலா நாடு. மகரந்தத்தைக் கையால் சேர்க்கும் எளிய வழியை 1841-இல் இந்தத் தீவில் கண்டுபிடித்தவர் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவர். பாட்டி வீட்டு முன்னறையில் பதப்படுத்திய வெனிலா காய்கள் மரப்பெட்டியில் இருந்தன. அவற்றின் வாசத்துக்குக் காரணமான வெனிலின் சுலபமாக ஆவியாகிற பொருள் இல்லை என்றாலும், பெட்டி திறந்திருந்தால் அறைக்குள் அது உண்டு. வெனிலினின் எடையும் 152.

தைலம், கற்பூரம், வெனிலா. ஒரு தமிழ்ப் பாட்டி வீட்டில், அதுவும் இந்தத் தீவில், இந்த மூன்றும் இல்லாத முற்றம் எங்கே தேடுவேன்?

பிரிக்க வழி உண்டு, பாதி வரைக்கும். அப்போது என்னிடம் இருந்தது பழைய குவாட்ரபோல் கருவி. அதற்கு 153 என்றால் 153 மட்டும்தான். டைம்-ஆஃப்-ஃபிளைட் வகையில் தசமப் புள்ளிக்குப் பின்னாலும் தெரியும்: கற்பூரம் 153.127, மெத்தில் சாலிசிலேட் 153.055. இரண்டும் இரண்டு முகடாகப் பிரிந்து நிற்கும். ஆனால் வெனிலினும் 153.055-தான். மெத்தில் சாலிசிலேட்டும் வெனிலினும் ஒரே கணக்கு: 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன், அடுக்கிய விதம் மட்டும் வேறு. எத்தனை கோடி கொடுத்து வாங்கிய எடைக்கருவியும் இதைப் பிரிக்காது. டெனாக்ஸ் குழாய் எடுத்து ஜிசியில் ஓட்டினால் வேறு வேறு நேரத்தில் வெளியே வரும், கதை முடிந்தது.

இதே ரீதியில் உங்கள் பக்கத்தில் நிற்கும் மற்ற வேஷதாரிகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மூச்சு: மனிதர் விடும் மூச்சில் சுமார் 100 பிபிபி ஐசோபிரீன் இருக்கும், அசிட்டோன் அதைவிடப் பல மடங்கு. 69-உம் 59-உம் சேர்ந்து எழுந்தால் செடியைப் பாராட்டாதீர்கள், இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். கையில் தேய்க்கும் கிருமிநாசினி 47-இல் வரும். ஆரஞ்சு உரித்த விரல் 137. தீமிதித் திருவிழாவுக்கு விறகு மூட்டினாலோ எங்காவது சருகு எரித்தாலோ 42-இல் அசிட்டோநைட்ரைல் தலைகாட்டும். அது எழுந்த நேரத்துத் தரவை நான் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவேன்.

மலைக்குப் போனால்

இந்தத் தீவில் இதே வேலை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2160 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைதோ வளிமண்டல ஆய்வகத்தில் 2017 அக்டோபர் முதல் 2019 நவம்பர் வரை பெல்ஜியக் குழு ஒன்று பிடிஆர் கருவியை ஓட்டியது. 2019 மார்ச், ஏப்ரலில் அந்த மலைச்சரிவு நெடுகக் காடு விடும் ஆவிகளையும் மேகத்தையும் சேர்த்து அளந்தார்கள். பகலில் கடலோரத்திலிருந்து காற்று சரிவேறிக் காட்டு வாசத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், இரவில் உயரத்துக் காற்று இறங்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பது அங்கே போனால் அரை நாளில் புரியும்.

சின்ன அளவில் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. மைதோவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு, 24.5 என்று மேலே போட்ட எண் அங்கே செல்லாது. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ் ஃபுளோ கண்ட்ரோலர் காட்டும் லிட்டர் பெரும்பாலும் 0 டிகிரிக்கும் கடல் மட்டத்துக்கும் மாற்றிய லிட்டர், அதற்கு 22.4 போட வேண்டும். எதற்கும் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். பந்து மிதக்கும் கண்ணாடிக் குழாய் மீட்டர் மலையில் தப்பாகவே காட்டும். இரண்டாவது, மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிச் செடியை மூடும். குழாயைச் சூடாக வைக்காவிட்டால் உள்ளே தண்ணீர் நின்று, வாசமெல்லாம் அதில் கரைந்து, திரை சும்மா இருக்கும்.

நோட்டுப் புத்தகம்

கருவி தானாகப் பதிவு செய்வதைத் தவிர, கையால் எழுத ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரம், வெயிலா மேகமா, ஓட்டம் எவ்வளவு, பை உப்பியிருந்ததா, யார் பக்கத்தில் வந்தார்கள், அவர்கள் மேல் என்ன வாசம். கடைசிக் கட்டத்துக்கு 'அக்கம்பக்கம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் முதல் வாரம் அதை வெறுமையாக விடுவார்கள். போன பருவத்தில் வந்த தம்பி ஒருவன் மட்டும் முதல் நாளிலேயே அதில் எழுதியிருந்தான். மாலையில் உட்கார்ந்து பார்த்தால், அன்றைய 137 வளைகோட்டில் மதியத்துக்குச் சற்று முன் ஊசி மாதிரி ஒரு முகடு நிற்கிறதே, செடிக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் திரையைச் சுற்றி நின்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவன் நோட்டைப் புரட்டிக் காட்டினான்: "11.40. பக்கத்து வீட்டில் ருகாய் என்ற காரச் சட்னிக்குக் கொம்பாவா எலுமிச்சைத் தோல் துருவுகிறார்கள். சன்னல் திறந்திருக்கிறது."